ஊசி பூஜ்யத்தில் நிற்கிறது

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, குடிதண்ணீர்தான் கொஞ்சம் உப்பு. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு இருமல் நின்றதா?

"இதுலயாவது நிப்பியாடா?" என்று பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். பஸ் கிளம்பிவிட்டது, தப்பித்தேன். அச்சகம், டயர் கடை, மருந்து கம்பெனி என்று நான் விட்டுவந்த வேலைகளை நீ விரல் மடக்கி எண்ணுவது எனக்குத் தெரியாதா என்ன? இந்தத் தடவை நிற்கத்தான் வந்திருக்கிறேன். நீ சிரிக்கிறாய், இங்கே கேட்கிறது.

வேலை இதுதான். கழிவுநீர்க் குழாய் பதிக்க நீளமாகப் பள்ளம் தோண்டுகிறோம். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அகலம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மேஸ்திரியோடு சேர்த்து ஏழு பேர் உள்ளே இறங்கி வேலை செய்கிறார்கள். நான் மேலே நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும். எங்கள் எல்லாருக்கும் மேலே எஞ்சினியர். எதற்கெடுத்தாலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்பதால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் சீக்கிரம் சார்.

எல்லாம் களிமண். சோப்பைக் கத்தியால் வெட்டியதுபோல இரண்டு பக்கமும் சுவர் செங்குத்தாக நிற்கிறது. ஒரு முட்டு இல்லை, ஒரு பலகை இல்லை. "முட்டுக்கு மரம் கொடுக்க வேணாமா சார்?" என்று கேட்டேன். "தட்டிப் பாருய்யா, கல்லு மாதிரி நிக்குது. மரம் வரப்ப வரட்டும், நீ சீக்கிரம் வேலையப் பாரு" என்றார்.

நாள் முழுக்க லேபில் மண்ணைக் காயவைத்து எடை போடுகிறவள் நீ. சொல், இது ஏன் விழாமல் நிற்கிறது? ஓரத்தில் நின்றாலே எனக்கு முதுகு கூசுகிறது.

தபால் வாரம் ஒருமுறை சாமான் லாரியில்தான். போன் ஒன்று இருக்கிறது, சீக்கிரம் சார் மேஜையில். அவர் காதைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகாது.

எல்லாரையும் விசாரித்தேன் என்று சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பி,

நாங்கள் சௌக்கியம். குட்டிக்கு இருமல் நின்று, இப்போது எனக்கு. வேளைக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

கேட்டாயே, சொல்கிறேன். களிமண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அதில் உட்கார்ந்திருக்கும் துளித் துளித் தண்ணீர் மண்துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மண் காயக் காய அந்தப் பிடி இறுகும். நாங்கள் அதை உறிஞ்சுவிசை என்போம். ஈரம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், விசை பல மடங்கு ஏறியிருக்கும். திரும்பக் கொஞ்சம் ஈரம் ஏறட்டும், பிடித்த பிடியைச் சட்டென்று விட்டுவிடும். உன் சீக்கிரம் சார் தட்டிப் பார்க்கிற கல் இதுதான். மழை வரும்வரை கல், அப்புறம் சேறு.

இத்தோடு ஒரு டென்சியோமீட்டர் அனுப்புகிறேன். லேபில் பழையது, கெஞ்சி வாங்கினேன். ஒரு நீளக் குழாய், அடியில் பீங்கான் முனை, தலையில் ஊசியோடு ஒரு வட்டம். குழாயில் தண்ணீர் நிரப்பி, பள்ளத்து ஓரத்தில் முனையை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி வை. மண் அந்தத் தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதை ஊசி காட்டும். அறுபது, எழுபது என்றால் நல்ல பிடி. இருபதுக்குக் கீழே வந்தால் ஆட்களை மேலே ஏற்று. யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே.

நீ உள்ளே இறங்கக் கூடாது. உனக்குக் கொடுத்த வேலை மேலே. அதை மட்டும் பார்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

உன் இருமல் எப்படி இருக்கிறது? நான் நலம், கோபம் மட்டும் தலைக்கு மேலே.

கருவியை நட்டேன். முதல் வாரம் ஊசி ஐம்பத்தெட்டு, அடுத்த வாரம் எழுபது. நீ அனுப்பியது என்று ஆட்களுக்குத் தெரிந்ததும் அதற்கே 'அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் இறங்குமுன், "அக்கா என்ன சொல்றா?" என்பார் மேஸ்திரி. "எழுபத்தஞ்சு சொல்றா" என்பேன். "அப்ப இறங்கலாம்" என்று இறங்குவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன், ஊசி பூஜ்யத்தில் நிற்கிறது! என் உயிரே என்னிடம் இல்லை. தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டேன். ஒருவன் ஏணியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அன்றைக்கு மதியம்வரை வேலை இல்லை. சீக்கிரம் சார் வந்து, எல்லார் முன்னாலும் சுவரில் கடப்பாரையால் ஓங்கிக் குத்தினார். டங்கென்றது. மண் உதிரக்கூட இல்லை. வெடித்துக் காய்ந்து கிடக்கிறது, அதில் ஈரமாவது ஒன்றாவது. "அக்கா சொன்னா, ஆட்டுக்குட்டி சொன்னான்னு வேலையை நிறுத்துவியா?" என்றார். ஆட்களுக்கு அரை நாள் கூலி போயிற்று. "உங்க அக்கா எங்க வயித்துல அடிச்சிட்டாளே தம்பி" என்றார் மேஸ்திரி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்ன கருவி இது? ஏன் இப்படி என் மானத்தை வாங்கியது? உடனே எழுது.

உன் தம்பி

மார்ச் 22

அன்புத் தம்பி,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்து நெஞ்செரிச்சல்தான் மிச்சம். தப்பு என்னுடையது. லேபில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் உனக்குச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, மன்னித்துவிடு.

மண் அளவுக்கு மீறிக் காய்ந்தால், எண்பதைத் தாண்டி அது இழுக்கிற இழுப்பைக் குழாய்த் தண்ணீரால் தாங்க முடியாது. காற்று உள்ளே புகுந்துவிடும். ஊசி விழுந்துவிடும். அது ஈரத்தின் பூஜ்யம் இல்லை, காய்ந்த மண்ணின் பூஜ்யம். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை நிரப்பு, கருவியோடு அனுப்பிய சின்னப் பம்பால் காற்றை உறிஞ்சி எடு, மூடி போடு. ஊசி மறுபடி ஏறும். இனிமேல் பூஜ்யத்தைப் பார்த்து ஓடாதே. தண்ணீர் நிரப்பினால் போதும்.

வாரம் ஒரு கட்டி மண்ணை டப்பாவில் அடைத்து, டேப் சுற்றி அனுப்பு. எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, திரும்ப எடை போட்டால் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். எனக்கும் மனசு அடங்கும்.

இன்னொன்று. சீக்கிரம் சார் திட்டினார், மேஸ்திரி முறைத்தார் என்று சாக்குத் தேடாதே. உன்னை எனக்குத் தெரியும். இதையும் விட்டுவிட்டு மூட்டையோடு என் வாசலில் வந்து நிற்காதே. கண்டிப்பாகச் சொல்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

அனைவரும் சுகம்தானே? இங்கே எல்லாம் நன்றாகப் போகிறது.

உன் கடிதத்தைச் சீக்கிரம் சாரிடம் காட்டினேன். வாய்விட்டுப் படித்து, "பாத்தியா, உங்க அக்காவே எழுதிட்டாங்க" என்று சொல்லி, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். 'பூஜ்யத்தைப் பார்த்து ஓடாதே' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு. நீ இங்கே பெரிய ஆள் ஆகிவிட்டாய்.

இப்போது ஊசி பூஜ்யத்துக்கு வந்தால், "அக்கா தூங்கிட்டா" என்கிறார்கள். தண்ணீர் விடுகிறேன், விழித்துக்கொள்கிறாள். பழகிவிட்டது.

இரண்டு டப்பா மண் வைத்திருக்கிறேன். கறுப்பு டேப் மாதத் தொடக்கத்தில் எடுத்தது. சிவப்பு டேப் நேற்று எடுத்தது. நடுவில் இரண்டு நாள் தூறல், பெரிதாக ஒன்றுமில்லை. மேலே தரை கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்ததே, தண்ணீர் தேங்காமல் எல்லாம் வெடிப்பு வழியாக உள்ளே போய்விட்டது. நல்லதாகப் போயிற்று, வழுக்கல் இல்லை. நேற்றும் அக்கா தூங்கினாள். தண்ணீர் விட்டேன்.

உள்ளிருந்து பார்த்தால் வானம் ஒரு நாடாவைப் போலத் தெரிகிறது. மேகம் கடந்து போவதே தெரியாது.

உன் தம்பி

ஏப்ரல் 27

தம்பி,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. முதலில் ஆட்களை மேலே ஏற்று, அப்புறம் மிச்சத்தைப் படி.

கறுப்பு டேப் மண்ணில் ஈரம் இருபத்திரண்டு சதவீதம். சிவப்பு டேப்பில் முப்பத்தொன்று. நம்பாமல் இன்னொரு துண்டை உலர்த்தினேன், அதுவும் முப்பத்தொன்று. இந்த மாதிரி மண்ணுக்கு எங்களிடம் ஒரு வளைகோடு இருக்கிறது. இத்தனை ஈரம் என்றால் இத்தனை உறிஞ்சுவிசை என்று பார்த்துச் சொல்லிவிடலாம். முப்பத்தொன்றில் விசை இருபதுகூட இல்லை. அதுவும் காய்ந்து மறுபடி ஈரமாகிற மண், அதே ஈரத்தில் இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும். நல்லதாகப் போயிற்று என்றாயே, அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் நேராகச் சுவரின் அடிக்குப் போயிருக்கிறது. அட கடவுளே, நீ அதை நல்ல சேதிபோல எழுதுகிறாய், நான் இங்கே உட்கார்ந்து வாசிக்கிறேன்!

இது பழைய பூஜ்யம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதையும் நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். மூடியைத் திற. குழாயில் தண்ணீர் இறங்கி, குமிழியாக இருந்தால் மண் காய்ந்திருக்கிறது, பயமில்லை. குழாய் விளிம்புவரை நிறைந்திருந்து ஊசியும் பூஜ்யத்தில் நின்றால், மண் உறிஞ்சவே இல்லை என்று அர்த்தம். பிடி போய்விட்டது. சுவர் சும்மா நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் சரிந்து வரும்.

உள்ளிருந்து வானம் நாடாவைப் போலத் தெரிகிறதா? மேலே நிற்கிறவனுக்கு எப்படியடா தெரியும்?

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லாரும் நலமா? மழையில் பாதை அறுந்து லாரி வரவில்லை. ஊருக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதம் எதுவும் வரவில்லை, மண் பார்த்தாயா இல்லையா என்று தெரியவில்லை.

உட்கார்ந்துகொள், ஒரு சேதி. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்! காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. சீக்கிரம் சார் முதுகில் தட்டி, "நீ நிப்பேன்னு நான் நினைக்கல" என்றார். நானும்தான் நினைக்கவில்லை அக்கா. மாமாவிடம் சொல், நான் நிற்க மாட்டேன் என்று கட்டிய பந்தயத்தில் தோற்றுவிட்டார்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அடியில் தேங்குவதை இறைத்துவிட்டு வேலை நடக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம்தான் குழாய். அதை முடித்தால் மரமே தேவையில்லை என்கிறார் சீக்கிரம் சார்.

உன் பெயர் கொண்டவள்தான் ஓயாமல் தூங்குகிறாள். ஆனால் முன்போல் தண்ணீர் கேட்பதில்லை. மூடியைத் திறந்தால் விளிம்புவரை ததும்பி நிற்கிறது, ஒரு சொட்டு ஊற்ற இடமில்லை. ஊசி மட்டும் பூஜ்யம். வட்டம்தான் பழுதோ என்னவோ. ரிப்பேர் உண்டா, கேட்டு எழுது.

உன் தம்பி

மே 6

தம்பி,

உன் கடிதத்தைக் கொண்டுவந்தவர் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றார். கொடுக்க மறந்து, நின்றபடியே படித்தேன். ததும்பி நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். வட்டம் பழுதில்லையடா. அது உண்மையைத்தான் சொல்கிறது.

போன் போட்டேன். உன் சீக்கிரம் சார்தான் எடுத்தார். தம்பியைக் கூப்பிடுங்கள் என்றேன். "அவர் கீழ இருக்காரும்மா, ஆள் பத்தலைன்னு ரெண்டு மாசமா அவரும்தான் இறங்குறாரு, தங்கமான பையன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நீங்க எழுதினதத்தான் சுவத்துல மாட்டியிருக்கோமே, நீங்களே மாத்திப் பேசினா எப்படி?" என்று சிரித்தார். நான் கத்த, போன் அறுந்தது. அப்புறம் மணி அடிக்கவே இல்லை, கம்பி அறுந்துவிட்டதாம்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்கிறார் உன் மாமா. உட்கார்ந்தால் உன் தலைக்கு மேலே அந்தச் சுவர்தான் தெரிகிறது.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் எழுதியதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு வா. நிரந்தரமும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். மூட்டையோடு வா, மூட்டை இல்லாமலும் வா. இனி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ வந்தால் போதும்.

அக்கா

மே 11

தம்பி,

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றே கிளம்பிவிட்டேன். பாதி வழியில் பாலத்தின் மேல் தண்ணீர், பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். டிக்கெட் கொடுக்கிறவரை அரைமணிக்கு ஒருமுறை போய்க் கேட்கிறேன். "அம்மா, தண்ணி வடிஞ்சா நானே வந்து கூப்பிடுறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

என் கடிதங்கள் எந்தச் சாக்கில் எங்கே கிடக்கின்றனவோ. இதையும் போடுகிறேன். எது முதலில் வந்தாலும் சரி. இறங்காதே.

அக்கா

மே 14

அன்புள்ள அக்கா,

முதலில் இது. நான் உயிரோடு இருக்கிறேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். கிளம்பியிருந்தால் திரும்பிப் போ, பாலம் நல்லதாக இல்லை.

நேற்று மதியம், சாப்பாட்டு நேரத்தில் லாரி வந்தது. போன மாதம் எழுதியதும் மே ஆறாம் தேதி எழுதியதுமாக உன் கடிதங்கள் இரண்டு சேர்ந்து வந்தன. படித்து முடிக்குமுன் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். ததும்பிக்கொண்டு நின்றது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைப் பார்த்திருக்கிறேன்!

சீக்கிரம் சாரிடம் ஓடினேன். புதுக் கடிதத்தை நீட்டினேன். அவர் சுவரில் இருந்த பழையதைக் காட்டி, "உங்க அக்காவுக்கு மாசத்துக்கு ஒரு புத்தியா?" என்றார். மேஸ்திரியிடம் ஓடினேன். ஆட்கள் கை கழுவிவிட்டு இறங்கத் தயாராக நிற்கிறார்கள். "இறங்காதீங்க, இது நிஜப் பூஜ்யம்" என்றேன். யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? பூஜ்யத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று இரண்டு மாதமாகப் படித்துப் படித்துச் சொன்னது நான்தானே. "போன தடவை அரை நாள் போச்சு, இந்தத் தடவை முழு நாளா?" என்று மேஸ்திரி ஏணியில் கால் வைத்தார்.

என்ன செய்வதென்று தெரியவில்லை அக்கா. அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஏணியை மேலே இழுத்தேன். இழுத்துப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். இருந்தது அந்த ஒரு ஏணிதான். முதலில் சிரித்தார்கள், அப்புறம் இழுத்தார்கள், அப்புறம் அடித்தார்கள். சீக்கிரம் சார், "கையெழுத்துப் போட்ட மை காயல, இப்பவே உன்னை வேலையைவிட்டு எடுத்தேன்" என்று கத்தினார். எடுத்துக்கோ என்றேன். உன் வாசல் இருக்கிறது என்ற தைரியம்தான், வேறென்ன. அது இல்லாவிட்டால் ஏணியை விட்டிருப்பேன். பொய் சொல்லவில்லை.

மேஸ்திரி என் சட்டையைப் பிடித்துத் தூக்கி வாயில் குத்தினார். மறுபடி கை ஓங்கினார். அப்போது எதிர்ப்பக்கச் சுவர் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, கனத்த மூட்டையைத் தொப்பென்று இறக்கிவைத்த மாதிரி. பார்த்தால் பள்ளம் இல்லை. மண்வெட்டி, கூடை, இறைக்கிற பம்பு எதுவும் இல்லை. விளிம்புவரைக்கும் மண். ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. என் சட்டையை அவர் விடவும் இல்லை, நான் எழவும் இல்லை. அப்படியே என்மேல் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

சீக்கிரம் சார் கொட்டகைக்குப் போய் உன் கடிதத்தை ஆணியிலிருந்து எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தார். மரம் வரும்வரை வேலை நிறுத்தம். நான் வேலையில் இருக்கிறேனா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், இறங்கினேன். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. முன்பக்கம் ஒரு பல் போய்விட்டது, குட்டி சிரிப்பாள்.

பயம் இன்னும் போகவில்லை அக்கா. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆட்கள் கொட்டகையில்தான் இருக்கிறார்கள், இருந்தும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். எண்ணி முடித்து உட்கார்ந்தால், சரியாக எண்ணினோமா என்று எழுந்துவிடுகிறேன். இன்றைக்குச் சாப்பாட்டின்போதும் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். மேஸ்திரி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ஏழு பேரும் இங்கதான் இருக்கோம். நீ சாப்பிடு" என்றார்.

உன் தம்பி